செரோக்கிப் பிள்ளைகளின் வட்டம்

அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தில் செரோக்கி என்னும் பழங்குடி மக்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். 1838-39இல் அரசாங்கமே பட்டாளத்தை வைத்து இவர்களைச் சொந்த மண்ணிலிருந்து விரட்டியது. ஆயிரக்கணக்கானோர் செத்துப்போனார்கள். அந்த வழிக்குக் 'கண்ணீர்ப் பாதை' என்று பேர். நிலம் போச்சு. அப்புறம் விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளின் மொழியும் போச்சு. இவ்வளவு இழந்தவர்களிடம் போய் 'குடிக்காதே' என்று மட்டும் சொன்னால் யார் காதில் ஏறும்?

ஜான் லோ என்பவர் செரோக்கி இனத்தவர், செவிலியர் கல்விப் பேராசிரியர். அவர் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தார். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. (நம்ம வகுப்பில் நடக்குமா?!) வட்டமாக உட்கார்ந்து பேசுவது பழங்குடிகளின் பழைய வழக்கம்தான். மொத்தம் 10 அமர்வுகள். பொறுப்பு, ஒழுக்கம், தன்னம்பிக்கை மூன்றும் சேர்ந்ததைச் செரோக்கியர் தற்சார்பு என்கிறார்கள். அங்கே பேச்செல்லாம் அதைச் சுற்றித்தான். யாரையும் கெட்ட பிள்ளை என்று எழுப்பி நிறுத்துவதில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

2012இல் ஆய்வு முடிவு வெளிவந்தது. வழக்கமான போதை ஒழிப்புப் பாடம் கேட்ட பிள்ளைகளைவிட, வட்டத்தில் உட்கார்ந்த பிள்ளைகளிடம் போதைப் பழக்கம் நன்றாகக் குறைந்திருந்தது.