கொக்கலகு மலர்

உருவால் ஒத்தனவற்றை ஒன்றெனக் கொள்ளுதல் எளிது; நுணுகி நோக்கி வேறுபாடு காணுதல் அரிது. அவ்வரிய நோக்கினைப் பழகுதற்கு ஏற்றதொரு செடியினம் ஐரோப்பாவின் புல்வெளிகளிலும் காடுகளிலும் தானே வளர்கின்றது. அதன் பெயர் ஜெரேனியம். கிரேக்க மொழியில் 'கெரனோஸ்' என்னும் சொல் கொக்கைக் குறிக்கும். பூ உதிர்ந்தபின் தோன்றும் காய் கொக்கின் அலகுபோல் நீண்டு கூர்ந்திருத்தலின் இச்செடி இப்பெயர் பெற்றது.

இதன் மலரில் புறவிதழ் ஐந்து, அகவிதழ் ஐந்து, மகரந்தத்தாள் பத்து. இலை விரித்த உள்ளங்கைபோல் மடல் மடலாகப் பிரிந்திருக்கும். வகையறிய விரும்புவோர் மலரையும் இலையையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

புல்வெளிக் கொக்கலகின் மலர் நீலங்கலந்த ஊதா; இலை ஆழப் பிளந்தது; பூத்தபின் காம்பு தலைசாயும். காட்டுக் கொக்கலகின் மலர் செவ்வூதா. இலைப்பிளவு அத்துணை ஆழமன்று. காம்பும் நிமிர்ந்தே நிற்கும். புறாவடி, ராபர்ட் பூண்டு என்னும் இரண்டும் சிறிய இளஞ்சிவப்பு மலரின. முன்னதன் இதழ்நுனி பிளவுபட்டது. இலை வட்டமாய் மென்மயிர் செறிந்தது. பின்னதன் இதழ்நுனி பிளவுபடாதது, இலை நுண்ணிதாகப் பிரிந்தது, தண்டு சிவந்தது, கசக்கினால் தீநாற்றம் வீசும்.

உதகை முதலிய மலையூர்த் தோட்டங்களில் ஜெரேனியம் என வழங்கும் தொட்டிச் செடியோ பெரும்பாலும் பெலார்கோனியம் ஆகும். 'பெலார்கோஸ்' என்றால் நாரை. தென்னாப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இதன் மேலிதழ் இரண்டும் கீழிதழ் மூன்றினின்றும் வேறுபடும். 1753-இல் லின்னேயஸ் இவ்விரண்டினையும் ஓரினமாக வைத்தார்; 1789-இல் லெரிட்டியே என்னும் பிரெஞ்சு அறிஞர் பிரித்தார். எனினும் பழம்பெயர் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது.

நுண்ணிய நோக்கின் பயன் பெயரறிதலோடு முடிவதன்று. 1787-இல் ஜெர்மனியின் ஸ்பாண்டௌ நகரப் பள்ளித் தலைவர் கிறிஸ்டியன் ஸ்பிரெங்கல் காட்டுக் கொக்கலகு மலரை ஆராய்ந்தார். இதழடியில் மெல்லிய மயிர்கள் இருத்தலைக் கண்டார். இவை வீணே அமைந்திரா எனத் துணிந்து எண்ணமிட்டார். மழைநீர் கலவாமல் தேனைக் காத்தற்கே அவை அமைந்தன என உணர்ந்தார். அத்தேன் யாருக்கு? வண்டுகளுக்கு. வண்டுகள் கைம்மாறாக மகரந்தத்தைச் சுமந்து சென்று மலரைக் காயாக்குகின்றன. இவ்வுண்மைகளை 1793-இல் அவர் நூலாக வெளியிட்டார். அவர் காலத்தார் அதனை மதித்திலர். பிற்காலத்தே டார்வின் அதன் அருமையுணர்ந்து போற்றினார்.

பலரும் மிதித்துச் செல்லும் பூண்டே ஒருவர்க்கு அறிவுநூலாயிற்று. சிறியதென எதனையும் இகழாது உற்றுநோக்குவோர்க்கு இயற்கை தன் மறைபொருளை உரைக்கும்.