பனை நடலாம், இனம் காணலாம்

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு விடுமுறை நாளில் நல்ல பொழுதுபோக்கு இது.

● ஆவணி, புரட்டாசியில் விழும் பனம்பழத்தின் கொட்டைகளைச் சேகரித்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் நடுங்கள். ஏரிக்கரை என்றால் ஊராட்சியில் கேட்டுவிட்டு நடுங்கள்.

● தொட்டியில் வளர்த்துப் பிடுங்கி நட வேண்டாம். முளை முதலில் மண்ணுக்குள் இறங்கிக் கிழங்காகும். நேரடியாக, 10 அடி இடைவெளியில் நடுவதே நல்லது.

● விசிறி மட்டை, கருத்த தண்டு என்றால் பனை. நுங்கு தருவது பெண் பனை மட்டுமே. சிறகு போன்ற ஓலையும் அடியில் முள்ளும் இருந்தால் ஈச்சை. ஓலை மீன்வால் போலிருந்தால் கூந்தற்பனை. அதன் பழம் பட்டால் கை அரிக்கும்.

● தாளிப்பனை வாழ்நாளில் ஒரே முறை பூத்துக் காய்த்து மடியும். பூத்ததைக் கண்டால் படமெடுத்து வையுங்கள்.

● ஓலை, தண்டு, பூ ஆகியவற்றின் படங்களோடு இடம், தேதியைக் குறித்து வையுங்கள். கீழே விழுந்த விதையை மட்டும் எடுங்கள்.

● பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது.

பனை காய்க்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். அதனால் இந்த மழைக்காலத்திலேயே தொடங்குங்கள்.