பிடிக்கிற கையும் விடுகிற கையும்

அன்புள்ள தம்பிக்கு,

வரும் தையில் முதன்முறையாக ஜல்லிக்கட்டு வாடிவாசலுக்கு முன்னால் நிற்கப்போகிறாய். மாட்டின் கண்ணைப் பார்ப்பதா, காலைப் பார்ப்பதா, திமிலை எந்தப் பக்கத்திலிருந்து அணைவது என்றெல்லாம் சொல்லித்தர உன் ஊரில் மூத்த வீரர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது 2017-ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றி. அந்த ஆண்டு பொங்கலன்று அவனியாபுரத்திலும், மாட்டுப் பொங்கலன்று பாலமேட்டிலும், அதற்கு மறுநாள் அலங்காநல்லூரிலும் உச்ச நீதிமன்றத் தடையால் முறைப்படி வாடி திறக்கவில்லை. தடையை எதிர்த்து மதுரை தமுக்கத்திலும் சென்னை மெரினாவிலும் இளைஞர்கள் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். ஜனவரி 21-இல் அவசரச் சட்டம் வந்தது. மறுநாள் போட்டியைத் தொடங்கிவைக்க மதுரைக்கு வந்த அன்றைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வத்திடம், நிரந்தரச் சட்டம் வராமல் மாடு அவிழ்க்க மாட்டோம் என்று அலங்காநல்லூர் மறுத்துவிட்டது. 23-இல் சட்டமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. பிப்ரவரி 5-இல் அவனியாபுரம், 9-இல் பாலமேடு, 10-இல் அலங்காநல்லூர் என 2014 தைக்குப் பிறகு மீண்டும் காளைகள் சீறி வந்தன.

இந்த வெற்றியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு முன்பு எதனால் இழந்தோம் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது அதன் முன் இருந்த ஆதாரங்களில் முக்கியமானவை, 2013 ஜனவரியில் இதே மூன்று ஊர்களில் விலங்கு நல வாரியத்தின் பார்வையாளர்கள் பதிவு செய்தவை. வாலை முறுக்கியது, கம்பால் குத்தியது, கண்ணில் எரிச்சலூட்டும் பொருளைத் தேய்த்தது, மது போன்ற ஒன்றைக் குடிக்க வைத்தது ஆகியவை அந்த அறிக்கைகளில் இருந்தன. வெளியூர்க்காரர்களின் கற்பனை என்று அவற்றை ஒதுக்கிவிட முடியாது. சிலர் செய்த கொடுமைக்கு ஊரே விலை கொடுத்தது. ஆகவே, தெருவில் நின்று மீட்ட விளையாட்டை ஒவ்வொரு தையிலும் களத்தில் நின்று காப்பாற்ற வேண்டியவன் நீ. உன் கை விதியை மீறினால் அது உன்னோடு முடிவதில்லை.

விதி வந்தால் வீரம் குறையும் என்பார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. பத்துப் பேர் ஒரே மாட்டின் மேல் விழுந்து, ஒருவன் வாலையும் ஒருவன் கொம்பையும் பிடித்து நிறுத்தினால் அதில் யாருடைய வீரம் தெரிகிறது? ஒருவன், திமில் மட்டும் என்று வரையறுத்த பிறகுதான் அணைந்தவனின் திறமை தனியாகத் தெரிகிறது. சுற்றுச் சுற்றாகக் கழித்து, அதிக மாடு பிடித்தவர்களை மட்டும் கடைசிச் சுற்றுக்கு அனுப்புகிற முறைக்கும் அப்போதுதான் பொருள் உண்டு. பிடிமாடு எது என்பதில் ஐயம் இருந்தால் பரிசாக வருகிற காருக்கும் பெருமை இல்லை.

பழைய மரபுக்கு நீதிமன்றம் எதற்கு விதி சொல்ல வேண்டும் என்ற கேள்வியும் வரும். வாடியிலிருந்து முதலில் வருவது கோயில் காளை; அதை யாரும் தொடுவதில்லை. அடங்கி நிற்பதும் இந்த விளையாட்டின் பகுதி என்பதை நம் முன்னோர் சட்டப்புத்தகம் பார்த்துக் கற்கவில்லை. அயர்லாந்துக்காரர்களும் தங்கள் ஊர்க் கால்பந்தை விதி வகுத்துத்தான் காத்தார்கள். 1884-இல் சங்கம் அமைத்து, முரட்டு ஆட்டத்துக்கு விதி எழுதி, 1887-ஆம் ஆண்டுக்கான முதல் அகில அயர்லாந்துப் போட்டியை அணிக்கு 21 பேர் என்று நடத்தினார்கள். தோற்ற அணி வெளியேறும் அந்தப் போட்டியின் இறுதி ஆட்டம் 1888 ஏப்ரலில் நடந்து, லிமெரிக் வென்றது. அந்தப் போட்டி இன்றும் நடக்கிறது. ஆனால் அங்கே இரு பக்கமும் மனிதர்கள். விதியை இருவரும் ஒப்புக்கொண்டு இறங்குகிறார்கள். இங்கே ஒரு பக்கம் வாயில்லா ஜீவன். அதன் சார்பில் பேசுவதற்கு விதியை விட்டால் வேறு எதுவும் இல்லை.

எந்த விதியாலும் மாட்டின் அச்சத்தைப் போக்க முடியாது, ஆட்கள் இன்னமும் சாகிறார்களே என்று கேட்பவர்களை எதிரியாக நினைக்காதே. அந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. ஒவ்வொரு தையிலும் ஏதாவதொரு வீட்டில் அழுகுரல் கேட்கிறது. 2023 மே 18-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு நம் சட்டத்தை ஏற்றபோதும், விதிகள் மாட்டின் வலியைப் பெருமளவு குறைக்கின்றன என்பதையே காரணமாகக் கொண்டது. அவற்றைக் கண்டிப்பாக நிறைவேற்றும் பொறுப்பை மாவட்ட ஆட்சியர்களிடம் கொடுத்தது. விதி ஏட்டில் மட்டும் இருக்குமானால் அந்த அனுமதிக்கு அடிப்படையே இல்லாமல் போகும். அப்போது கேள்வி கேட்டவர்கள் சொன்னதே சரி என்றாகிவிடும்.

அதனால் தம்பி, மருத்துவச் சோதனையில் தகுதி இல்லை என்றால் மறுபேச்சில்லாமல் திரும்பி வா. குடித்துவிட்டு நிற்பவன் பக்கத்தில் நிற்காதே. இன்னொருவன் அணைந்த மாட்டில் கை வைக்காதே. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் திமிலை விட்டுவிடு. வீட்டுப் பிள்ளையாக அதை வளர்த்தவர் கயிற்றோடு அந்தப் பக்கம் காத்திருக்கிறார்.

அன்புடன்,
உன் நலம் விரும்பி