கரையோரக் கடலில் ஒரு நாள்

கடற்பயணம் நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. நம் முன்னோர் பலர் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி, வங்கக் கடலைக் கடந்து, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ கரையிறங்கினர். 1901ஆம் ஆண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாமே 1972 முதல் கிள்ளான் துறைமுகம் என வழங்குகிறது. அதற்கு முன்னர்க் கப்பல்கள் ஆற்றின் வழியே கிள்ளான் நகர் வரை சென்றன. ஆற்றின் வளைவுகளும் ஆழக்குறைவும் பெரிய கப்பல்களுக்கு இடையூறாயின. ஆதலால் ஆறு கடலொடு கலக்கும் இடத்தில் புதிய துறைமுகம் அமைந்தது. நீரின் ஆழத்தை அறிதலே கடற்பயணத்தின் முதற்பாடம்.

சுங்கை வேயில் வாழும் நாம் இரயிலிலேயே கிள்ளான் துறைமுகத்தை அடையலாம். அங்கிருந்து விசைப்படகில் புலாவ் கெத்தாம் சென்று, அதே தீவிலுள்ள சுங்கை லீமா என்னும் மீனவர் சிற்றூரையும் கண்டு, மாலைக்குள் திரும்பலாம். வழியின் இருமருங்கும் சதுப்பு நிலக் காடுகள். தீவிலோ சேற்றில் நட்ட கால்களின்மேல் வீடுகள் நிற்கும். தெருக்களும் பலகைப் பாலங்களாகவே தொடங்கியவை. அங்கு மகிழுந்துகள் இல்லை, மிதிவண்டிகளே மிகுதி.

வீடுகளுக்கு அவ்வளவு உயரமான கால்கள் ஏன்? இங்குக் கடல்நீர் நாள்தோறும் இருமுறை ஏறி, இருமுறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 4 மீட்டர். காலையில் படகு மிதந்த இடம் பிற்பகலில் வெறுஞ்சேறாகக் கிடக்கலாம். காலை 10 மணிக்கு நீர் உச்சத்தில் இருந்தால், மாலை 4 மணியளவில் வற்றும். மறுநாள் உச்சநேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். ஆகவே படகோட்டி புறப்படுமுன் நீரேற்ற அட்டவணையைப் பார்க்கிறார்.

நீரோட்டத்தையும் கணக்கிட வேண்டும். மணிக்கு 8 கடல் மைல் செல்லும் படகு 8 கடல் மைல் தொலைவு போகவேண்டும் எனக் கொள்வோம். நீரோட்டம் மணிக்கு 2 கடல் மைல் எனில், அதன் போக்கில் 48 நிமிடமும், எதிர்த்துச் சென்றால் 80 நிமிடமும் ஆகும். தொலைவு ஒன்றே, எரிபொருட் செலவு வேறு. எனவே போகும்போது மூன்றில் ஒரு பங்கு, திரும்பும்போது ஒரு பங்கு, இடருக்கென ஒரு பங்கு என எரிபொருள் வைத்திருப்பது கடலோடிகளின் வழக்கம்.

ஆழமான வழியை மிதவைகள் காட்டுகின்றன. நம் நாட்டில் கடலிலிருந்து துறைமுகத்துள் நுழையும் படகிற்குச் சிவப்பு மிதவை இடப்புறமும் பச்சை மிதவை வலப்புறமும் இருத்தல் வேண்டும். வெளியேறும்போது இவை இடம் மாறும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியற்பொழுதை ஒட்டி ‘சுமத்ரா’ எனப்படும் சூறைக்காற்று திடீரென வீசுவதுண்டு. மேற்குவானம் கறுத்தால் காத்திருப்பதே அறிவுடைமை.

பெற்றோரும் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். உயிர்காப்பு மிதவைச் சட்டை படகில் இருந்தால் மட்டும் போதாது; புறப்படுமுன்னரே குழந்தையின் உடலில் இறுகக் கட்டியிருக்க வேண்டும். நீரில் விழுந்தபின் அதனை அணிவது மிகக் கடினம். அளவுக்கு மிஞ்சி ஆளேற்றிய படகில் ஏறாது, அடுத்த படகிற்குக் காத்திருக்கலாம்.

நம் முன்னோர் பலர் தம் பயணத்தின் நாளையும் வழியையும் பிறர் கையில் விட்டுக் கடல் கடந்தனர். நாமோ நேரத்தையும் நீரையும் காற்றையும் கணக்கிட்டறிந்து புறப்பட முடியும். அதற்கு வேண்டிய கூட்டலும் கழித்தலும் நம் வகுப்பறையிலேயே கற்பவை.