தேடுக, இன்றேல் ஆக்குக

இடாப்பொன்றில் ஒருவர் பெயரைப் பதியுமுன் அப்பெயர் அங்கே முன்னரே உளதா என்று பார்த்தல் மரபு. உளதாயின் அதனையே எடுத்தாள்வர்; இன்றேல் புதிதாகப் பதிவர். கணினித் தரவுத்தளத்திலும் முறை இதுவே. எளிதாய்த் தோன்றும் இச்செயலில் அடங்கிய நுட்பத்தை ஈண்டு ஆராய்வாம்.

தரவுத்தளம் செய்திகளை நிரையும் நிரலுமாக அமைந்த அட்டவணைகளிற் சேமிப்பது. செய்நிரல் எழுதுவோரோ மாணவன், நூல் என்றாற்போலப் பொருள்களைக் கொண்டு சிந்திப்பர். நிரையைப் பொருளாகவும் பொருளை நிரையாகவும் மாற்றித் தருங் கருவியைப் பொருள்-தொடர்பு இணைப்பி எனலாம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலே, லோறன்ஸ் நகரப் பத்திரிகை அலுவலகமொன்றில் தோன்றி, 2005இல் யாவர்க்கும் இலவசமாக வெளியிடப்பட்ட ஜாங்கோ என்னும் பைதன் மொழிச் சட்டகம் அத்தகைய இணைப்பி ஒன்றை உடையது. அதிலுள்ள ‘கெற் ஓர் கிரியேற்’ என்னுங் கட்டளை, தேடிப் பெற்ற பொருளையோ புதிதாய் ஆக்கிய பொருளையோ தருவதோடு, அஃது ஆக்கப்பட்டதா அன்றா என்பதையும் உடன் அறிவிக்கும்.

இக்கட்டளைக்கு நாம் கொடுப்பன இருவகைப்படும். எவற்றைக் கொண்டு தேடுவது என்பது ஒன்று. கிடையாவிடின் புதிய பதிவில் மேலும் எவற்றை நிரப்புவது என்பது மற்றொன்று. பின்னதற்கு ‘டிபோல்ற்ஸ்’ என்று பெயர். பழைய மாணவர் இடாப்பை உதாரணமாகக் கொள்வோம். சேர்விலக்கம் தேடுதற்குரியது; முகவரி நிரப்புதற்குரியது. முகவரியையுந் தேடலிற் சேர்ப்பின், கொக்குவிலிலிருந்து கொழும்புக்குக் குடிபெயர்ந்தவர் இடாப்பிலே இருவராவர். பெயரை மட்டுங் கொண்டு தேடின், ஒரே பெயருடைய இருவருட் பின்வந்தவர் முன்னவருள் மறைந்துபோவார். அப்பெயரில் இரு பதிவுகள் முன்னரே இருப்பின், கட்டளை எதனையுந் தெரிந்தெடாது பிழையென அறிவித்து நின்றுவிடும். பதிவு கிடைத்தவிடத்து ‘டிபோல்ற்ஸ்’ அதனை மாற்றாது என்பதும் அறியத்தக்கது. புதிய முகவரியை ஏற்றுதற்கு ‘அப்டேற் ஓர் கிரியேற்’ என்னும் வேறொரு கட்டளை உண்டு.

இன்னுமொன்று. இருவர் ஒரே கணத்தில் ஒரே சேர்விலக்கத்தைத் தேடின், இருவர்க்கும் ‘இல்லை’ என்றே விடை வருதல் கூடும். இருவரும் ஆக்க முற்படுவர். இதனைத் தடுப்பது கட்டளை மட்டுமன்று. அவ்விலக்கம் ஒருமுறைக்கு மேல் வரலாகாதெனத் தரவுத்தளத்தில் இட்ட தனித்துவக் கட்டுப்பாடே காவலாகும். அஃது உளதாயின் பிந்தியவர் பதிவு மறுக்கப்படும். கட்டளை மீண்டுந் தேடி, முந்தியவர் ஆக்கியதையே எடுத்துக் கொடுக்கும். அஃது இன்றேல் இரு பதிவுகளும் ஓசையின்றி நிலைபெற்றுவிடும்.

ஆதலின், கட்டளையை எழுதுமுன் ஒருவரை மற்றொருவரினின்று பிரித்தறியச் செய்வது யாது என வினவித் தெளிதல் வேண்டும். அவ்வினாவிற்குக் கணினி விடை கூறாது. கூறுதல் நம் கடனாகும்.