நகரின் வெள்ளமும் கிராமத்தின் குப்பையும்

நகர ஆட்சி என்றவுடன், வயலோடும் கடலோடும் வாழும் எமக்கு அதில் என்ன அலுவல் என்று கேட்கத் தோன்றும். கொழும்பின் குப்பை புத்தளம் அருவக்காடுவரை வந்த கதையை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். எனவே இம்முறை கொழும்பையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

கொழும்பும் அதன் அயலும் பெரும்பாலும் தாழ்நிலம். வடக்கே களனி கங்கை ஓடுகின்றது. கொலன்னாவ, கோட்டே போன்ற இடங்களில் சதுப்பு நிலங்கள் பரந்துள்ளன. பெருமழை பெய்யும்போது இந்நிலங்கள் நீரைத் தாங்கி வைத்திருந்து, கால்வாய்கள் வழியே மெல்ல மெல்லக் கடலுக்கும் கங்கைக்கும் விடுகின்றன. எந்தப் பொறியியலாளரும் சம்பளம் வாங்காமல் நடக்கும் வேலை இது. ஆனால் காணி விலை ஏற ஏற, இவை 'வெறும் நிலம்' எனக் கருதப்பட்டு மண்போட்டு நிரப்பப்பட்டன. 1992 ஜூனில் 24 மணித்தியாலத்தில் ஏறத்தாழ 490 மில்லிமீற்றர் மழை பெய்தது. 2010 நவம்பரில் மீண்டும் பெருமழை பெய்தபோது பாராளுமன்றச் சுற்றாடலையும் வெள்ளம் சூழ்ந்தது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவப் பகுதியின் வறிய குடும்பங்களே அதிகம் இடம்பெயர்ந்தன. காலநிலை மாற்றத்தால் இத்தகைய கடும் மழை இனி அடிக்கடி வரும் என்பதே விஞ்ஞானிகளின் கணிப்பு.

கால்வாய் ஓரக் குடிசைகளே வெள்ளத்துக்குக் காரணம் எனச் சிலர் சொல்வதுண்டு. அதை நாம் ஏற்பதற்கில்லை. ஏக்கர் கணக்கில் சதுப்பை நிரப்ப லொறியும் பணமும் வேண்டும். குடிசைவாசியிடம் இரண்டும் இல்லை.

இங்கே ஆட்சிமுறைபற்றிய கேள்வி எழுகின்றது. வீதியோர வடிகான் மாநகர சபையின் பொறுப்பு. பெரிய கால்வாய் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. கட்டடத் திட்டம் நகர அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. கங்கையின் வெள்ள அணை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. வெள்ளம் வந்த வீட்டுக்காரர் எந்தக் கதவைத் தட்டுவது? போதாக்குறைக்கு, 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல்வரை உள்ளூராட்சி சபைகளில் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர்களே இருக்கவில்லை.

குப்பையின் கதை இன்னும் கசப்பானது. 2009இல் புளூமெண்டல் குப்பைமேடு மூடப்பட்டபின், கொழும்பு மாநகரின் குப்பை மீதொட்டமுல்லவில் கொட்டப்பட்டது. அந்த இடம் கொலன்னாவ நகர சபைக்கு உட்பட்டது. துர்நாற்றத்தைச் சுமந்த மக்களுக்குக் கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் வாக்கு இல்லை. குப்பை கொட்டிய சபைக்கோ அவர்களிடம் வாக்குக் கேட்கும் தேவை இல்லை. அவர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மெத்தென்ற சதுப்பு மண்ணின்மேல் மலையாக உயர்ந்த அந்த மேடு, 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளன்று சரிந்தது. 30 பேருக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

அதன்பின் கண்ட வழி, குப்பையைப் புகையிரதத்தில் ஏற்றிச் சுமார் 170 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அருவக்காட்டின் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த குழிகளுக்கு அனுப்புவது. கட்டுப்பாடற்ற மேட்டைவிட, அடித்தளமிட்டு அமைத்த நிரப்பிடம் பாதுகாப்பானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 2018, 2019இல் புத்தளம் மக்கள் வீதிக்கு வந்து கேட்ட கேள்வி நியாயமானது: எம்மிடம் கேட்டுத்தான் இதைத் தீர்மானித்தீர்களா? நகரக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடிய சமையற்கழிவு. வீட்டிலேயே பிரித்தெடுத்துப் பசளையாக்கினால் அந்தப் பாதிக்குப் புகையிரதமே தேவையில்லை.

நல்ல செய்தியும் உண்டு. எஞ்சியுள்ள சுமார் 20 சதுர கிலோமீற்றர் ஈரநிலங்களின் பெறுமதி உணரப்பட்டு, 2018 ஒக்டோபரில் துபாயில் நடந்த ராம்சார் மாநாட்டில், முதன்முதல் 'ஈரநில நகரம்' என அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் இடம்பெற்றது. சட்டத்தின் ஓட்டைகள் வேறு கதை. 1993இன் வர்த்தமானி அறிவித்தல், 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்பச் சுற்றாடல் அனுமதி தேவை என்றது. அரை ஹெக்டேயராகப் பத்துத் தடவை நிரப்புகிறவரை அது எப்படிப் பிடிக்கும்?

எமது ஊர்ச் சங்கங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் பிரதேச சபைக்கு விண்ணப்பிக்கலாம். எமது பிரிவில் குளத்தாங்கரை, தாழ்வயல், சதுப்பு ஆகியவற்றில் எவ்வளவு நிலத்தை நிரப்ப அனுமதி கொடுக்கப்பட்டது, சேரும் குப்பை எங்கே போகின்றது என்ற இரண்டையும் அடுத்த கூட்டத்துக்கு முன் எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.