நீங்காத இருமலும் நுரையீரல் புற்றுநோயும்

பரமக்குடியில் தறியில் அமர்பவருக்கு இருமல் வந்தால் நூல் தூசி என்பார்கள். மிளகாய் உலர்த்தும் குடியானவருக்கு வந்தால் நெடி என்பார்கள். பீடி பிடிப்பவரோ தம் இருமலை ஒரு நோயாகவே எண்ணுவதில்லை. இக்காரணங்களில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இவற்றின் மறைவிலேயே நுரையீரல் புற்றுநோய் வளர்ந்துவிடுவதுண்டு என்பதை அங்கத்தினர்கள் அறிதல் அவசியம். புகையிலையைத் தொடாத பெண்களுக்கும் இந்நோய் வருகிறது.

சிறிய கட்டி நுரையீரலின் உள்ளே வலி தருவதில்லை. அது மூச்சுக்குழாயை உறுத்தும்போது இருமலும், அரிக்கும்போது சளியில் இரத்தமும் தோன்றுகின்றன. குரல்வளைக்குச் செல்லும் நரம்பு தாக்கப்பட்டால் குரல் கம்மும்; உடலும் இளைக்கும்.

இவற்றுட் பெரும்பாலானவை காசநோய்க்கும் உரிய அறிகுறிகளே, இடர்ப்பாடு இங்குதான். எக்ஸ்ரே படத்தில் நிழலைக் கண்டு, சளியில் கிருமி காணப்படாமலே மாதக்கணக்கில் காசநோய் மருந்து உண்டு, பின்னர் புற்றுநோய் என்று அறிந்தவர்கள் நம் நாட்டில் பலர். ஆகவே இருமல் இரண்டு வாரம் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் செய்துகொள்க. கிருமி இல்லையெனில், அல்லது மருந்து உண்டும் நிழல் குறையவில்லையெனில், ஸி.டி. ஸ்கான் வேண்டுமா, சிறு சதை எடுத்துச் சோதிக்க வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. ஊசி பட்டால் புற்று பரவும் என்று நம்மவர் அஞ்சுவர். அந்த அச்சத்தால் இழக்கும் காலமே பெருந்தீங்கு.

காலத்தின் அருமையை அமெரிக்க அறுவை மருத்துவர் எவார்ட்ஸ் கிரகாம் வரலாற்றில் காணலாம். 1933-இல் அவர் புற்றுநோய் கண்ட ஒருவரின் இடது நுரையீரலை முழுவதும் அகற்றினார். அந்நோயாளி ஏறத்தாழ 30 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். நெடுங்காலம் சிகரெட் புகைத்த கிரகாமுக்கு 1957-இல் அதே நோய் கண்டபோது, அது இரு நுரையீரல்களிலும் பரவியிருந்தது. தாம் பிறருக்குச் செய்த சிகிச்சை தமக்கு உதவாத நிலையில், அவ்வாண்டே அவர் காலமானார்.

பல்லாண்டு மிகுதியாகப் புகைத்தோருக்கு அறிகுறிக்கு முன்பே குறைந்த கதிரளவு ஸ்கான் எடுத்தால், எக்ஸ்ரே மட்டும் எடுத்தோரைவிட இந்நோயால் நேரும் மரணம் 20 சதவீதம் குறைவதாக 2011-இல் அமெரிக்க ஆய்வு காட்டியது.

மேற்சிகிச்சைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ செல்வோர், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு பழைய எக்ஸ்ரே படங்களையும் தவறாது எடுத்துச் செல்க. பழைய படத்தோடு ஒப்பிட்டால், காண்பது ஆறிய காசநோயின் தழும்பா, வளரும் கட்டியா என்று பிரித்தறிவது மருத்துவருக்கு எளிதாகும்.